பச்சை வந்தா அமுக்கும்மா

அத்தியாயம் பதினான்கு

கணவன் இறந்தபின் வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தா முடிந்து பர்ஹானா வேலைக்குத் திரும்பிய ஆறாவது நாள் அது. முதல் ஐந்து நாளும் ஆபீசில் எல்லாரும் அவளிடம் நோயாளியின் கட்டிலருகே நின்று பேசுகிற குரலில்தான் பேசினார்கள். டீ கொண்டுவருகிற நாச்சிமுத்துகூட டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். ஆறாவது நாள்தான் ஒருவர் அவளைச் சாதாரணமாகக் கூப்பிட்டு ஒரு வேலையைக் கொடுத்தார். கொடுத்ததுதான் கொடுத்தார், வேறு எதையாவது கொடுத்திருக்கலாம்.

நாலு மாதம் பத்து நாள் வெளியே முகம் காட்டாமல் இருந்துவிட்டு, கணவன் இஷாக் உட்கார்ந்த அதே நாற்காலியில் அவள் வந்து உட்கார்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆபீஸ் பழனி ரோட்டில் இருக்கிறது. அகரத்திலும் வேடசந்தூரிலும் குஜிலியம்பாறையிலும் அவர்களுக்கு நூற்பாலைகள். அந்த மூன்று ஆலைகளின் கணினி வலையையும் திண்டுக்கல்லில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டவன் இஷாக். அவனுக்குக் கீழே அதே அறையில் வேலை பார்த்தவள் பர்ஹானா. தாடிக்கொம்பு ரோட்டில் லாரி மோதி அவன் இறந்துபோனான். அவள் திரும்பி வந்ததும், "மூணு மாசம் நீயே பாரும்மா, அப்புறம் யோசிப்போம்" என்று மேலாளர் மணிமேகலை சொல்லியிருந்தார்.

இன்று அவர் நீட்டியது ஒரு தாள்.

"நாளைக்குச் சோதனைக்கு வர்றாங்க. பெரிய உரிமை உள்ளவங்க வெளியிலிருந்து உள்ளே வர்றப்ப ஒழுங்கா சரிபார்க்குதான்னு ஒவ்வொரு பேரா போட்டுப் பார்த்து எழுதணும். நாலு மணிக்குள்ள வேணும்."

"சரிங்க மேடம்."

"கடைசிப் பேரைப் பார்த்துக்க." மணிமேகலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேணும்னா விக்னேஷைச் செய்யச் சொல்றேன்."

தாளில் ஐந்து பெயர்கள் இருந்தன. ஐந்தாவது, இஷாக்.

"நானே செய்றேன் மேடம்" என்றாள் பர்ஹானா.

வேலை என்னவோ எளிதுதான். ஆலைக் கணினிகளில் எதையும் மாற்றக்கூடிய ஆள் பெயரும் பாஸ்வேர்டும் போட்டுவிட்டால் மட்டும் போதாது. ஆபீசில் இருக்கிற சர்வர் அந்த ஆளின் போனுக்கு, 'வருவது நீங்கள்தானா?' என்று ஒரு கேள்வி அனுப்பும். போனில் தெரிகிற பச்சைப் பொத்தானை ஒரு நிமிடத்துக்குள் அமுக்க வேண்டும். அமுக்கினால் உள்ளே விடும், இல்லாவிட்டால் வெளியிலேயே நிறுத்திவிடும். வரவேண்டியவரை விடுகிறதா, வரக்கூடாதவரை நிறுத்துகிறதா, இரண்டையும் பார்த்து எழுத வேண்டும். இஷாக் இப்போது வரக்கூடாதவர் பட்டியலில் இருந்தான்.

நாலு பெயரும் மடமடவென்று முடிந்தன. ஐந்தாவதில் ஒரு சங்கடம். பெயர் இன்னும் நீக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"ஏன் விக்னேஷ், நாலு மாசமா எடுக்கலையா?"

பக்கத்து மேஜை விக்னேஷ்குமார் தலையைச் சொறிந்தான். குஜிலியம்பாறைக்காரன், இஷாக்கிடம் தொழில் பழகியவன், வயது இருபத்தாறு. "நாலஞ்சு தடவை எடுக்கப் போனேன்க்கா. மனசு வரலை."

"சரி விடு. முதல்ல இருக்கிற நிலையில போட்டுப் பார்த்து எழுதிட்டு, அப்புறம் எடுப்போம். ஆனா அவர் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதே."

விக்னேஷ் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, "சுக்குமிட்டாய்" என்றான். "இங்கிலீஷ்ல. பின்னாடி உங்க கல்யாண வருசம்."

பர்ஹானாவுக்கு முகம் சிவந்து, அடுத்த நொடியே கண் நிறைந்தது. சுக்குமிட்டாய் என்பது அவளுக்கு இஷாக் வைத்த பெயர். வாயில் போட்டதும் உறைக்குமாம், போகப் போக இனிக்குமாம். நாலு சுவருக்குள் கூப்பிட்ட பெயரை மனுஷன் ஆலைக்கே சாவியாக வைத்திருக்கிறான்! இருந்தால் இன்றைக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். 'போனில் உறுதி செய்வதற்காகக் காத்திருக்கிறது' என்று திரை சொன்னது. அறுபது வினாடி ஓடும், யாரும் அமுக்க மாட்டார்கள், மறுத்துவிடும், எழுதிக்கொள்ளலாம். அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

பதினெட்டாவது வினாடியில் திரை மாறியது.

'ஏற்கப்பட்டது. வருக, இஷாக்.'

பேனா கையிலிருந்து நழுவியது. விக்னேஷ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். "அக்கா, யாருக்கா அமுக்குனது? பாய் போன்தான் ஆக்சிடென்ட்ல நொறுங்கிப் போச்சே?"

நொறுங்கியது புதுப் போன். பர்ஹானாவுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. இந்த வேலைக்கென்று இஷாக் பதிவு செய்திருந்தது அவனுடைய பழைய போனை. அது பேட்டரி செத்த போன், வயரைப் பிடுங்கினால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதனால் அது பேகம்பூரில் அவனுடைய அம்மா வீட்டு பிரிட்ஜ் மேல், சார்ஜரிலேயே கிடக்கும். ஆபீசிலிருந்து உள்ளே போக வேண்டியபோதெல்லாம் இஷாக் அம்மாவுக்குப் போன் போடுவான். "அம்மா, பச்சை வந்துச்சா? அமுக்கும்மா." அறையே சிரிக்கும். புதுப் போனைப் பதியச் சொல்லி மணிமேகலை ரெண்டு வருஷமாகத் திட்டியும், "நாளைக்குப் பண்ணிடறேன் மேடம்" என்றே காலத்தை ஓட்டினான். அந்த நாளைதான் வரவேயில்லை.

"மாமிதான் அமுக்கியிருக்காங்க" என்றாள் பர்ஹானா.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வேலையைச் சுத்தமாகச் செய்தே பழகிய பெண். இந்தப் பெயரில் இதற்கு முன் யார் எப்போது வந்தார்கள் என்று பதிவைத் திறந்து பார்த்தாள். இன்றைய வரிக்கு மேலே நாலு மாதத்துக்கு ஒன்றுமே இல்லை. அதற்கும் மேலே, ஒரே தேதியில் நாலு வரிகள். அவள் ஆயுசுக்கும் மறக்க முடியாத தேதி.

காலை 9.52, பதில் இல்லை. 9.55, பதில் இல்லை. 9.58, பதில் இல்லை. 11.20, ஏற்கப்பட்டது.

பெரியாஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் இஷாக்கின் உயிர் போன நேரம் 10.40 என்று இருந்தது.

"விக்னேஷ், பதினொன்னு இருபதுக்கு யாரு?"

அவன் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தான்.

"பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும்னு நான் அப்பவே கேட்டிருக்கணும்."

"நான்தான்க்கா." குரல் உடைந்துவிட்டது. "அகரத்துல லைன் படுத்துக்கிச்சு. பாய் நேர்ல போய்ப் பார்த்துக்கிறேன்னு பத்து மணிக்கு வண்டியை எடுத்தாரு. பதினொன்னு ஆகியும் போய்ச் சேரலை, போனும் எடுக்கலை. ஆலையில இருந்து கத்துறாங்க. எனக்கு அம்புட்டு உரிமை கிடையாது. முன்னாடி ஒரு தடவை அவசரத்துக்கு பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தாரு, போட்டுப் பார்த்தேன். உள்ள விட்டுச்சு. பாய்தான் எங்கேயோ இருந்து அம்மாகிட்டச் சொல்லி ஓகே குடுத்துட்டாருன்னு நினைச்சேன். அப்பாடா, பாய் நல்லா இருக்காருன்னு நினைச்சேன்க்கா. ரெண்டே நிமிசத்துல லைனைச் சரி பண்ணிட்டேன். பத்து நிமிசம் கழிச்சுத்தான் தகவல் வந்துச்சு."

ரெண்டே நிமிட வேலை. இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே முடிந்திருக்கும்.

பர்ஹானாவின் கண் மேலே இருந்த மூன்று வரிகளுக்குப் போனது. 9.52, 9.55, 9.58. மூன்று முறை முயன்றிருக்கிறான், அம்மாவுக்குப் போனும் அடித்திருப்பான். பச்சையை அமுக்க ஆளில்லை. அதனால்தான் வண்டியை எடுத்திருக்கிறான். மாமி மட்டும் அன்று அந்த பிரிட்ஜ் பக்கம் இருந்திருந்தால்!

நாலு மாதமாக அந்த லாரிக்காரனைச் சபித்துச் சபித்து ஓய்ந்திருந்த மனசு இப்போது மாமியின் பக்கம் திரும்பிக் கொதித்தது. அந்தக் கொதிப்பை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது, இருந்தும் அது அடங்கவில்லை. பதிவை அச்செடுத்துக் கைப்பையில் மடித்து வைத்தாள்.

"அக்கா, நானும் வாரேன். அம்மா கால்ல விழுந்து, அன்னிக்கு பாய் பேர்ல உள்ள போனது நான்தான்னு சொல்லிடறேன். நாலு மாசமா சோறு இறங்கலைக்கா."

"இப்ப வேணாம் விக்னேஷ். நீ இங்கயே இரு."

பேகம்பூருக்கு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. வழக்கமாக மாமியார் மெஹராஜ் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உள்ளே படுத்துக் கிடப்பார். பர்ஹானா இத்தா இருந்த நாட்களில் ரெண்டு தெரு தாண்டி அவள் வீட்டுக்குத் தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போன மனுஷி. இன்று கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசல் கழுவிவிட்டிருந்தது. உள்ளே கறி ஆணம் கொதிக்கிற குழம்பு வாசனை வந்தது.

"வா புள்ள, வா! உனக்குத்தான் போன் போடலாம்னு இருந்தேன்." மெஹராஜின் முகத்தில் வெளிச்சம் இருந்தது. "இன்னைக்குப் பச்சை வந்துச்சு!"

சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்டது பர்ஹானாதானே.

"என்னைப் பைத்தியம்னு நினைச்சுக்காத. மண்ணு போட்டது எனக்குத் தெரியும். நாப்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதியாச்சு. எல்லாம் தெரியும். ஆனா வந்துச்சுன்னா அமுக்கணும்ல? எம்புள்ள வெளிய நிக்கிறேன்னு கேட்டா நான் தொறக்காம இருப்பேனா?"

"மாமி, உக்காருங்க."

"இரு, கேளு. நாலு மாசமா இந்த வயரைப் பிடுங்கலை. கரண்டு போனாக்கூட எனக்குப் பதறும். இன்னைக்குத்தான் வந்துச்சு." அவர் பிரிட்ஜ் மேலிருந்த போனை முந்தானையால் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்கிட்டச் சொல்லாத ஒண்ணு இருக்கு. அன்னிக்குக் காலையில மூணு தடவை கூப்பிட்டிருக்கான். நான் பார்க்கலை. வந்து பார்த்தா மூணு வந்து போயிருக்கு, என் போன்லயும் அவன் அடிச்சது கிடக்கு."

பர்ஹானாவின் கை கைப்பையின் ஜிப்புக்குப் போனது. வாயில் வந்துவிட்டது. "எங்க மாமி போனீங்க அன்னிக்கு?"

அந்தக் குரலில் இருந்த சூடு மெஹராஜுக்கு உறைக்கவில்லை.

"எங்க போவேன்? நீதான் காய்ச்சல்ல கிடந்தியே, மறந்துட்டியா? நீ போன் போட்டு, கஞ்சி வேணும்னு கேட்டல்ல. அவசரத்துல போனை எடுக்காம ஓடியாந்தேன். உன் நெத்தியில துணி நனைச்சுப் போட்டுட்டு, நீ தூங்கினதும்தான் கிளம்பினேன்."

கைப்பை மடியில் அப்படியே கிடந்தது. பர்ஹானா தரையைப் பார்த்தாள். கஞ்சி ருசியாக இருந்தது நினைவிருக்கிறது. போகாதீங்க மாமி, செத்த நேரம் இருங்க என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. யாரைச் சபிப்பது? அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

மெஹராஜ் தன்பாட்டில் பேசிக்கொண்டே இருந்தார். "மூணு தடவை வந்து போயிருச்சேன்னு எனக்கு அடிச்சுக்கிச்சு. அப்புறம் இந்த இடத்தை விட்டு நகரலை. பதினொன்னு இருபதுக்கு வந்துச்சு பாரு, உடனே அமுக்கிட்டேன். அகரத்துல போய் உள்ள நுழைஞ்சு, வேலையை முடிச்சிட்டுத்தான் எம்புள்ள கிளம்பியிருக்கான். திரும்பி வர்றப்பத்தான் ஆண்டவன் கூப்பிட்டுக்கிட்டான். போறப்பவே ஆயிருச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு பேசுறாங்க. டாக்டருக்கு நேரம் தெரியுமா? எனக்குத் தெரியும். கடைசியாக் கேட்டான், நான் தொறந்துவிட்டேன். அந்த ஒண்ணுதான் பர்ஹானா எனக்கு மிச்சம்."

பதினொன்று இருபதுக்கு அந்த முனையில் இருந்த பையன் இந்த முனையில் இஷாக் என்று நினைத்தான். இந்த முனையில் இருந்த தாய் அந்த முனையில் இஷாக் என்று நினைத்தாள். நடுவில் இஷாக் இல்லவே இல்லை. இதை எந்த வாயால் சொல்வது?

"மாமி, ஆபீஸ்ல ஒரு வேலை இருக்கு. அவர் பேரை இன்னைக்கு எடுக்கணும். எடுத்துட்டா அப்புறம் பச்சை வராது."

மெஹராஜ் போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "யாரு எடுக்கிறா?"

"நான்தான்."

"நீயா?"

"வேற யாரும் எடுக்க வேணாம்னுதான் நானே எடுக்கிறேன்."

அடுப்பில் ஆணம் பொங்கி வழிந்தது. பர்ஹானாதான் எழுந்துபோய் அணைத்தாள். பின்னால் மெல்லக் குரல் வந்தது. "அவன் சாப்பிட்டுட்டுப் போன்னு சொல்லுவான். சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்துத்தான் விழுங்க முடிந்தது.

ஆபீசில் மூன்றரை மணிக்கு மணிமேகலை பின்னால் வந்து நின்றுகொண்டார். தோளில் கை வைத்தார். பட்டியலில் இஷாக்கின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும், 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது. பர்ஹானா பிஸ்மி சொல்லிவிட்டு நீக்கினாள். நல்ல காரியத்துக்குச் சொல்கிற வார்த்தைதான், அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. போனின் பதிவையும் நீக்கினாள். பிறகு விதிப்படி மறுபடி சோதிக்க வேண்டும். பெயர் போட்டாள். சுக்குமிட்டாய் போட்டாள். இந்தத் தடவை யாருக்கும் கேள்வி போகவில்லை. ஒரு நொடிகூட ஆகவில்லை.

'மறுக்கப்பட்டது. அப்படி ஒருவர் இல்லை.'

தாளில் எதிரே 'சரியாக உள்ளது' என்று எழுத வேண்டும். எழுதினாள். கையெழுத்துப் போடும்போது விக்னேஷின் நாற்காலி காலியாக இருந்ததைக் கவனிக்கவில்லை.

மாலையில் மறுபடி பேகம்பூருக்கே போனாள். தனியாகத் தன் வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்க மனசில்லை. மஃரிப் தொழுதுவிட்டு மெஹராஜ் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். போன் பக்கத்தில் கிடந்தது, வயர் பிடுங்கியிருந்தது.

"சிவப்பா என்னமோ எழுதி வந்துச்சு. அப்புறம் அந்தப் படமே காணோம். நீ எடுத்துட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

"மன்னிச்சுக்கங்க மாமி."

"உன் வேலை, நீ செஞ்ச. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு." மெஹராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "யாரு எப்ப வந்தாங்கன்னு கம்ப்யூட்டர்ல எல்லாம் எழுதியிருக்கும்னு இஷாக் சொல்லுவான். நீ பார்த்திருப்ப. அன்னிக்குப் பதினொன்னு இருபதுக்கு வந்தது எம்புள்ளதானே?"

காலை முதல் பர்ஹானா எழுதியது அத்தனையும் உண்மை. ஒரு எழுத்து கூடக் குறைய எழுதவில்லை. மடித்த காகிதம் இன்னும் கைப்பையில்தான் இருந்தது.

"அவர் பேருதான் மாமி எழுதியிருக்கு" என்றாள். "இஷாக்னுதான் இருக்கு. நான் பார்த்தேன்."

மெஹராஜ் கண்ணை மூடிக்கொண்டார். நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி மருமகளின் தலையை மடியில் இழுத்துச் சாய்த்துக்கொண்டார். அன்றுதான் பர்ஹானா வாய்விட்டு அழுதாள்.

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி விக்னேஷ்குமார் படியோரம் நின்றான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அம்மா, நான் பாய்கூட வேலை பார்த்த விக்னேஷ். அன்னிக்கு நடந்ததைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

பர்ஹானா விருட்டென்று எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மெஹராஜ் முந்திக்கொண்டார். அந்த முகத்தில் நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு இருந்தது.

"உள்ள வாப்பா. நீயும் அந்நேரம் ஆபீஸ்லதானே இருந்த? பதினொன்னு இருபதுக்கு எம்புள்ள உள்ள வந்ததை நீயும் பார்த்தியா?"

விக்னேஷ் முதலில் பர்ஹானாவைப் பார்த்தான். பிறகு அந்தத் தாயைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேச வாயெடுத்தான்.

(தொடரும்)